விளையாட்டுச் சாமான்கள் யாருடையவை?

பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலம், கொடாததை எடுத்தலாகாது என்பது. இதனை நாள்தோறும் ஓதும் இல்லங்களிலும், இச்சீலம் வீட்டிற்கு வெளியே கிடக்கும் பொருள்களைப் பற்றியதென்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. அயலான் பணம், கடைக்காரன் சரக்கு, ஆலையின் இரும்பு ஆகியவற்றைத் தொடாதிருந்தால் சீலம் காக்கப்பட்டதாகக் கருதிவிடுகிறோம். வீட்டிற்குள்ளேயே ஒரு சிறிய உடைமைக்காரர் இருக்கிறார் என்பதும், அவருடைய உடைமைகள் அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டும் எறியப்பட்டும் வருகின்றன என்பதும் நம் நினைவிற்கு வருவதில்லை. அவ்வுடைமைக்காரர் நம் குழந்தை. அவருடைய உடைமைகள் கையிழந்த ஒரு பொம்மை, சாட்டையில்லாத பம்பரம், சில சோடா மூடிகள், சக்கரம் கழன்ற ஒரு வண்டி.

இக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதென்று அன்பர் சிலர் நினைக்கலாம். சோறும் துணியும் கல்வியும் பற்றிய கேள்விகள் தீராதிருக்க, உடைந்த பொம்மையைப் பற்றி ஒரு விசாரணையா என்று கேட்கலாம். ஆனால் உடைமையென்பது யாது, உரிமையென்பது யாது, பிறன் பொருளை மதித்தலென்பது யாது என்பவற்றை ஒரு மனிதன் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது கடைத்தெருவிலன்று, நீதிமன்றத்திலுமன்று. மூன்று வயதில், தன் வீட்டுத் தரையில், ஒரு மரவண்டியை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்கிறான். அங்கே தவறாகக் கற்றதைப் பின்னால் திருத்துவது எளிதன்று.

விளையாட்டுச் சாமான் மனிதனின் மிகப் பழைய உடைமைகளுள் ஒன்று. ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழ்வுகளில் சுட்ட மண்ணாலான சிறு வண்டிகளும் ஊதல்களும் கிடைத்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேர் ஒன்று வருகிறது. நம் வீடுகளில் குழந்தை பிடித்து நடக்கும் நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம். மஜ்ஜிம நிகாயத்தின் 38ஆம் சூத்திரத்தில், ஒரு குழந்தை கருவாகிப் பிறந்து வளரும் வரலாற்றைச் சொல்லிவரும் பகவான், அதன் விளையாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறார்: சிறு கலப்பை, கிட்டிப்புள், குட்டிக்கரணம், காற்றாடி, இலையாற் செய்த அளவுபடி, சிறு வண்டி, சிறு வில். பற்று எவ்வாறு எழுகின்றது என்பதை விளக்கும் கடினமானதோர் உபதேசத்தின் நடுவே இது வருகிறது. சொல்பவர் துறவி; கேட்பவர்களும் துறவிகள். விளையாட்டுப் பொருள்கள் என்று ஒரே சொல்லாற் கூறிக் கடந்து போயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நாமோ அவை அனைத்தையும் சேர்த்துக் ‘குப்பை’ என்னும் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

நிற்க. தாய்மார்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. கோலார் தங்கவயலின் வரிசை வீடுகளை அறிந்தவர்கள் அவர்களுடைய நிலையையும் அறிவார்கள். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் பல குடும்பங்கள் அவ்வீடுகளிலேயே வாழ்ந்து வருகின்றன. விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தாயும் தகப்பனும் அங்கே பலர். ஒரே அறை. காலையில் அது சமையலறை. பகலில் பிள்ளைகளின் மைதானம். இரவில் ஐந்து பேர் படுக்கும் கூடம். நாளெல்லாம் உழைத்து வந்த ஒரு பெண் பாய் விரிக்குமிடத்தில் கோலிக்குண்டு ஒன்று காலடியில் உருளுமானால், அவள் அதனை எடுத்து வெளியே வீசுவதில் கொடுமையில்லை, களைப்பு இருக்கிறது. பெரிய வீட்டில் வாழ்வோர் பொம்மைகளுக்கென்று தனி அறை ஒதுக்கிவிட்டு ஒழுங்கைப் பற்றி உபதேசிப்பது எளிது. தரையே போதாத வீட்டில்தான் இக்கேள்விக்கு உண்மையான கடுமை உண்டு. அங்கே பொம்மையை அடுக்கி வைப்பது அழகுக்காக அன்று, மனிதர் படுப்பதற்காக.

ஆயினும் களைப்பு ஒரு செயலை விளக்குமேயன்றி அதன் தன்மையை மாற்றிவிடாது. ஆகவே செயலையே எடுத்து ஆராய்வோம்.

கொடாததை எடுத்தல் நிறைவேறுவதற்கு ஐந்து அங்கங்கள் வேண்டுமென்று பழைய உரைகள் கூறும். பொருள் பிறருடையதாக இருக்கவேண்டும். பிறருடையதென்று எடுப்பவர் அறிந்திருக்கவேண்டும். திருடும் எண்ணம் வேண்டும். அதற்கான முயற்சி வேண்டும். அம்முயற்சியால் பொருள் எடுக்கப்படவேண்டும். குழந்தையின் வண்டியை வீசும் தாய்க்கு மூன்றாவதாகிய திருடும் எண்ணம் கிடையாது. அதனால் அவளுக்கு ஆதாயமுமில்லை. ஆகவே சீலம் முறிந்ததென்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதல் இரண்டு அங்கங்களைப் பாருங்கள். அப்பொருள் பிறருடையதா? பிறருடையதென்று அவள் அறிவாளா? கேட்டால், ‘இல்லை, நாங்கள் காசு கொடுத்து வாங்கியதுதானே’ என்பாள். அப்படியானால் நான் ஒன்று கேட்கிறேன். பழைய பொம்மைகளை எறியும் வேலை ஏன் எப்போதும் குழந்தை உறங்கும்போதும், பள்ளிக்குச் சென்றிருக்கும்போதும் நடைபெறுகிறது? தன் சொந்தக் கிழிந்த புடவையை எறிவதற்கு ஒருத்தி யாரும் உறங்கக் காத்திருப்பதில்லையே! மறைவாகச் செய்கிறோம் என்பதிலேயே, அது பிறருடையதென்று நம் மனத்திற்குள் நாம் அறிந்திருக்கிறோம் என்பது விளங்கிவிடுகிறது.

காசு கொடுத்தவர் உடைமைக்காரர் என்னும் வாதமும் நெடுந்தூரம் செல்லாது. தானம் என்பது கொடுத்த கணத்தில் கொடுத்தவனுடைய உரிமை நீங்குவது. விகாரைக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவன் ஆறு மாதங் கழித்து வந்து, ‘நான் வாங்கியதுதானே’ என்று எடுத்துச் செல்லலாமா? தங்கைக்குக் கொடுத்த புடவையைத் திரும்பக் கேட்கலாமா? பெரியவர்களுக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுப்பது இழிவென்று அனைவரும் ஒப்புவர். குழந்தைக்குக் கொடுத்ததை மட்டும் எப்போது வேண்டுமாயினும் எடுக்கலாமென்றால், அதற்குக் காரணம் உரிமையன்று. குழந்தையால் எதிர்க்க முடியாது என்பதே. எதிர்க்க இயலாதவன் கையிலிருப்பது அவனுடையதன்று என்னும் நியாயத்தை நம் முன்னோர் நன்றாக அறிவார்கள். நிலமும் நீரும் தெருவும் அந்த நியாயத்தைக்கொண்டே அவர்களுக்கு மறுக்கப்பட்டன. அதே நியாயத்தை, எவ்வளவு சிறிய அளவிலாயினும், நம் வீட்டு அறைக்குள் நாம் வழங்கலாமா என்பதே என் கேள்வி.

இங்கே கற்றறிந்த அன்பர் ஒருவர் குறுக்கிட்டு, ‘பற்றை விடச் சொல்லும் மார்க்கத்தில் நின்று, பிள்ளைக்கு என்னுடையது என்னும் எண்ணத்தை நீரே வளர்க்கலாமா? பொம்மை போனால் போகட்டும். அநித்தியத்தைக் குழந்தை இளமையிலேயே கற்கட்டுமே’ என்று கூறக்கூடும். இவ்வாதத்தில் கனம் உண்டு, எளிதில் தள்ளத்தக்கதன்று. சம்யுத்த நிகாயத்தில் இராதர் என்னும் பிக்குவுக்குக் கூறப்பட்ட ஓர் உவமை இதற்கு நல்ல விடையாகும். சிறுவரும் சிறுமியரும் மண்வீடு கட்டி விளையாடுகின்றனர். அவ்வீடுகளின்மேல் ஆசையிருக்கும் வரையில் அவற்றைப் பெரிதாகப் போற்றி, ‘எனது, எனது’ என்கின்றனர். ஆசை தீர்ந்ததும் கையாலும் காலாலும் தாமே கலைத்துச் சிதற அடித்துவிடுகின்றனர். உடலையும் உணர்வையும் அவ்வாறே கலைத்துவிடுக என்பது உபதேசம். இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மண்வீட்டைக் கலைத்தது யார்? கட்டிய குழந்தையே. எப்போது? தன் ஆசை தீர்ந்தபோது. இரவில் ஒருவர் விளக்குமாற்றோடு வந்து பெருக்கித் தள்ளியதாக அவ்வுவமையில் இல்லை. அப்படி வந்திருந்தால் காலையில் எழுந்த குழந்தைக்கு வீடு போயிருக்கும், ஆசை போயிருக்காது. முன்னிலும் மிகுந்திருக்கும்.

பிறர் வந்து கலைப்பது வேறு செய்தி என்பதைத் தமிழ்ப் புலவர்களும் அறிந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில் என்பது ஒன்று. சிறுமியர் மணலிற் கட்டிய சிறு வீட்டைச் சிறுவன் காலால் அழிக்க வருகிறான். அழியாதே என்று அவர்கள் மன்றாடுகின்றனர். அது மணல்தானே என்று எந்தப் புலவனும் அச்சிறுமியரைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர்களுடைய மன்றாட்டையே பாட்டின் பொருளாக்கினான்.

ஆகவே விடுதல் வேறு, இழத்தல் வேறு. கையில் ஒன்றை உறுதியாகப் பற்றியறியாதவன் அதை விடுவதெப்படி? பறிகொடுத்தவனைத் துறவி என்று யாரும் அழைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக உடைமை மறுக்கப்பட்டவர்களிடம் வந்து, ‘நீங்கள் எவ்வளவு பற்றற்றவர்கள்!’ என்று ஒருவர் பாராட்டினால் நமக்குக் கோபம் வாராதா? அநித்தியத்தைப் போதிக்க விரும்பும் தகப்பனார், குழந்தையின் வண்டியிலன்றித் தம்முடைய கைக்கடிகாரத்தில் அப்போதனையைத் தொடங்குவது நன்று.

ஒரு வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சோடா மூடிகளைச் சேர்த்து வைத்திருந்தான். தட்டையாக்கி, நடுவில் துளையிட்டு, நூல் கோத்துச் சுழற்றும் விளையாட்டுக்கானவை அவற்றுட் சில. மற்றவை வெறும் சேமிப்பு. வைசாகப் பௌர்ணமிக்கு வீட்டிற்குச் சுண்ணாம்பு அடித்தபோது அவன் தாயார் அவற்றை வாரிக் கொட்டிவிட்டார். சிறுவன் அழவில்லை. அதனால் அவர் நிம்மதியடைந்தார். சில வாரங்களுக்குப் பின் அடுத்த வீட்டுக் கூரையின் ஓட்டுக்கடியில் ஒரு பழைய தகரப்பெட்டி அகப்பட்டது. அதில் பையனுடைய பம்பரமும் கோலிகளும் இருந்தன. மாமா ஊரிலிருந்து அனுப்பிய, தாயார் அவன் தொலைத்துவிட்டதாக எண்ணியிருந்த, ஒரு புதிய எழுதுகோலும் இருந்தது. தன் வீட்டைக்காட்டிலும் அயல்வீட்டுக் கூரை தன் பொருளுக்குப் பாதுகாப்பானது என்று அவன் முடிவு செய்துவிட்டான். அவனைப் பொய்யன் என்றும் திருட்டுக் குணமுள்ளவன் என்றும் வீட்டார் ஏசினர். எறியப்பட்டவை சில தகர மூடிகள்தாம். ஆனால் அவனிடமிருந்து போனது தன் வீட்டின்மேல் அவன் வைத்திருந்த நம்பிக்கை.

அப்படியானால் வீடு நிறையக் குப்பை சேரட்டும், பாய் விரிக்க இடமில்லாமல் நிற்போம் என்பதா? அன்று. பொருளும் இடமும் வேறு வேறு என்பதை நாம் பிரித்தறிந்தாற் போதும். பொருள் குழந்தையுடையது. தரையோ வீட்டிலுள்ள அனைவருடையது. ஆகையால் இடத்தைப் பற்றி ஆணையிடப் பெற்றோருக்கு முழு உரிமையுண்டு. பொருளைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அதன் உடைமைக்காரருக்கு. ‘இந்தப் பிரம்புக்கூடை உன்னுடையது, இதற்குள் அடங்குவதெல்லாம் இருக்கட்டும், அடங்காததை நீயே தேர்ந்து எடுத்துக் கொடு’ என்று சொல்வதில் சீலத்திற்கும் குறைவில்லை, தரைக்கும் குறைவில்லை. குழந்தை அரைமணி நேரம் தயங்கும். ஒன்றை எடுக்கும், திரும்ப வைக்கும், வேறொன்றை எடுக்கும். பொறுமையற்றவர்களுக்கு இது வீண்காலமாகத் தோன்றும். மண்வீட்டைத் தானே கலைக்கும் பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

வைக்குமிடம் எத்தகையதாயிருக்கவேண்டும் என்பதும் சிறிய கேள்வியன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தொடக்கத்தில் அங்கே சாமான்கள் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், பின்பு வாங்கிப் பூட்டுவார். ஒருநாள் அவர் பூட்ட மறந்தார்; மறுநாள் தாமதமாகவும் வந்தார். குழந்தைகள் அலமாரியைத் திறந்து தமக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தோன்றியது. அம்மையாருக்கோ, தமக்கு வேண்டியது எது, அது இருக்குமிடம் எது என்று குழந்தைகள் அறிந்துகொண்டதற்கு அடையாளமாகத் தோன்றியது. அதன்பின் பூட்டுப் போயிற்று. குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த திறந்த அலமாரிகள் வந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம். ஒவ்வொரு வகையிலும் ஒரே பொருள். ஒரு குழந்தை வைத்திருந்தால் மற்றொன்று காத்திருக்கவேண்டும்; முடிந்ததும் எடுத்த இடத்தில் வைக்கவேண்டும். அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்நாட்டிலேயே தங்கி, பல ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் முறைப்படி நடக்கும் பள்ளிகளில் இன்று கட்டணம் பெரிதாயிருக்கலாம். ஆனால் இம்முறை பிறந்தது நம் வரிசை வீடுகளைப் போன்றதோர் இடத்தில்தான் என்பதை மறக்கலாகாது. தாழ்ந்த பலகை ஒன்றும், பழைய பிஸ்கத்து டப்பாக்கள் நான்கும் போதும். எழுத்தறியாத குழந்தைக்கு ஒவ்வொரு டப்பாவின்மேலும் பொருளின் படத்தை வரைந்து ஒட்டிவிடலாம்.

பொருள் மிகுந்தால் விளையாட்டு மிகும் என்பதும் மெய்யன்று. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 36 சிறு குழந்தைகளைக்கொண்டு நடத்தி 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், 16 பொம்மைகளோடு விடப்பட்டபோதைக் காட்டிலும் 4 பொம்மைகளோடு விடப்பட்டபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பலவிதமாக விளையாடியது தெரியவந்தது. ஏழை வீட்டார் வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு இது ஒரு சான்று. சாமான் அதிகமுள்ளவர்கள் பாதியைப் பரணில் ஏற்றி, மாதமொருமுறை மாற்றிக் கொடுக்கலாம். பரணில் இருப்பது போய்விடவில்லை, திரும்ப வரும் என்று குழந்தைக்குச் சொல்லி ஏற்றவேண்டும்.

கேளாமல் எடுத்தே தீரவேண்டியவையும் உண்டு. குன்றிமணி பல்லாங்குழிக்கு அழகாயிருக்கலாம். மென்று விழுங்கினால் நஞ்சு. பொம்மைக்குள்ளிருக்கும் பொத்தான் போன்ற சிறு மின்கலம் தொண்டையிற் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கனத்த மூடியுள்ள டிரங்குப் பெட்டியில் பொம்மைகளை வைப்பது வழக்கமாயினும் நல்லதன்று. மூடி விரலிலோ கழுத்திலோ விழும். ஒளிந்து விளையாடப் புகுந்த குழந்தைக்கு உள்ளே காற்று இராது. 2021ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, சாயம் உதிரும் முத்திரையில்லாத சரக்கைத் தவிர்ப்பதே தகும். இவற்றில் குழந்தையின் சம்மதத்திற்குக் காத்திருப்பது மடமை. ஆயினும் எடுக்கும்போது அதன் கண்முன்னே, காரணம் கூறி எடுக்கலாம். அழட்டும். அழுகைக்கு அஞ்சி மறைவில் எடுப்பதைவிட அது மேல்.

இனி, கூடையிலிருந்து வெளிவந்தவை எங்கே போகும்? இவ்விடத்தில்தான் அடுக்கி வைத்தலுக்கும் தானத்திற்கும் உள்ள உறவு புலப்படுகிறது. சிதறிக் கிடந்து, மிதிபட்டு, பாதி தொலைந்த பொருளைப் பிறருக்குக் கொடுக்க முடியாது. சன்னப்பட்டணத்து மரபொம்மை ஒன்று, அரக்குச் சாயம் கெடாமல் வைத்திருந்தால், மூன்று குழந்தைகளின் கைகளுக்குப் போகும். வீடு ஒழுங்காயிருப்பது வருகின்ற விருந்தாளியின் கண்ணுக்காக என்று நாம் எண்ணுகிறோம். இப்பொருளை அடுத்துத் தொடப்போகும் குழந்தைக்காக என்று எண்ணினால், அடுக்கும் வேலை தண்டனையாகத் தோன்றாது. 14 குழிகள் கொண்ட பலகையைக் கொடுத்துச் சோழிகளில் பாதியை மட்டும் கொடுப்பது பலகையைக் கொடுக்காததற்குச் சமம். கழுவி, துடைத்து, ஆணி தளர்ந்திருந்தால் இறுக்கி, எண்ணிப் பார்த்துக் கொடுக்கவேண்டும். கொடுக்கும் கை குழந்தையினுடையதாயிருக்கவேண்டும்.

எவருக்கு, எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதில் நம்மவர்க்கு மற்றவர்களைவிட மிகுந்த கூச்சம் இருக்கவேண்டும். பெங்களூரில் வீட்டு வேலை செய்யும் நம் பெண்களிடம், அவ்வீட்டுக் குழந்தைகள் சலித்து எறிந்த பொம்மைகளைப் பண்டிகை நாளில் ஒரு சாக்கில் கட்டிக் கொடுப்பதுண்டு. தலையற்ற குதிரை, ஓடாத இரயில், மை கொட்டிய பொம்மை. கொடுப்பவர் அதனைப் பெருந்தன்மையாக எண்ணுகிறார். தம் சொந்தத் தங்கை மகளுக்கு அக்குதிரையை அவர் கொடுத்திருப்பாரா? அவள் அதனை வாங்கிக்கொள்ளாவிட்டால் வேலைக்கு ஆபத்து. வாங்கிக்கொண்டு வந்தால், பிறர் கழித்ததே உனக்கு உரியது என்று தன் மகளுக்குச் சொல்லாமற் சொல்வதாகிறது. இத்தகைய நிலையிலுள்ள ஒரு தாய் என்ன செய்யவேண்டுமென்று என்னைக் கேட்டால், அவள் அதனை வாங்கிக்கொள்ளலாம் என்றே சொல்வேன். வேலையைக் காப்பது குற்றமன்று. ஆனால் வீட்டிற்கு வந்ததும் அச்சாக்கைக் கூடையில் கொட்டாமல், மகளின் முன்னே பிரித்து, ‘இவற்றுள் உனக்கு வேண்டியது ஏதேனும் உண்டா, பார்’ என்று கேட்கட்டும். வேண்டாமென்று மகள் சொன்னால், வேண்டாததாகவே இருக்கட்டும். அந்த இரயிலைப் பிரித்துச் சக்கரங்களைத் தன் மரவண்டிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னால், தாயும் உடனிருந்து திருகாணியைக் கழற்றிக் கொடுக்கட்டும்.